உறுதிமொழி இருக்கட்டும், வாரம் ஒரு பீரியட் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

பந்தலூர் வட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு, பழங்குடியினரின் பாடி, பள்ளிக்கூடம், துணை சுகாதார நிலையம், திரும்பவும் லைன் வீடு என்று சுற்றியே சர்வீஸ் முடிந்தது. இப்போது பேத்தி படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குப் போய் வருகிறேன். பெயர் போடாமல் எழுதுவதைத் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் எல்லாமே சின்ன ஊர்கள். என் பெயர் தெரிந்தால், நான் சொல்வது யாருடைய பிள்ளையை என்று மறுநாளே டீக்கடையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேட்க வந்தது இதுதான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு போதைப் பழக்கம் பற்றியும், செத்துப்போகலாம் என்று தோன்றும் நேரங்களைப் பற்றியும் உட்கார்ந்து பேச, கால அட்டவணையில் வாரம் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். அதை நடத்த, மார்க் போடாத ஓர் ஆளுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புங்கள். மைதானத்தில் நிற்க வைத்து எடுக்கும் உறுதிமொழி அது பாட்டுக்கு நடக்கட்டும். அதையே தடுப்புக் கல்வி என்று கணக்கில் எழுத வேண்டாம்.

உறுதிமொழிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஜூன் 26 போதைப்பொருள் ஒழிப்பு நாளுக்கு ஒன்று. 2022 ஆகஸ்ட் 11 அன்று முதலமைச்சர் தலைமையில் மாநிலம் முழுக்க எடுத்ததிலிருந்து ஆகஸ்டிலும் ஒன்று. செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள்; அது காலாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம், யார் காதிலும் ஏறாது. எல்லாம் ஒரே மாதிரிதான் நடக்கும். காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வலது கையை நீட்டுவார்கள், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். கொஞ்சம் வசதியான பள்ளி என்றால் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து பேசுவார், அழுகிப்போன வாயின் படத்தைத் திரையில் காட்டுவார்கள். குடித்துத் திருந்திய ஒருவரையும் ஒரு தடவை அழைத்து வந்தார்கள். மனிதர் நன்றாகத்தான் பேசினார். பிள்ளைகளும் ரசித்துத்தான் கேட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு மனதில் நின்றது அவருடைய பழைய சாகசங்கள்தான்.

ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட தடுப்புப் பணிக்கான தரநிலைகளில் இதெல்லாம் இருக்கிறது. வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தல், பழைய போதை அடிமைகளின் சாட்சியம், இவற்றுக்கெல்லாம் பலன் இல்லை, சில சமயம் எதிர்விளைவும் உண்டு என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள். நாம் செய்வதை வரிசையாக எழுதிக் கொடுத்தாற்போல இருக்கும் அந்தப் பட்டியல்.

ஒரு நிகழ்ச்சியில் பேச வந்தவர் உற்சாக மிகுதியில், "உங்க வீட்டுல அப்பா குடிக்கிறவங்க எல்லாம் கையத் தூக்குங்க பாக்கலாம்" என்றார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பாதி தூக்கிவிட்டாள். பக்கத்தில் யாரும் தூக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய், சரியாகத்தான் இருந்த ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டாள். பேச்சாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளின் வீடுகள் எனக்குத் தெரியும். எல்லாருமே தூக்கியிருக்க வேண்டிய கைகள்.

இதே பள்ளிக்கூடங்களால் ஒழுங்காக ஒரு வேலை செய்ய முடியாது என்றும் நான் நினைக்கவில்லை. குடற்புழு மாத்திரையை எப்படிக் கொடுக்கிறோம் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை தேதி வைத்து, வகுப்பு வகுப்பாகப் பெயர் டிக் செய்து, அன்றைக்கு வராத பிள்ளைக்கு அடுத்த வாரம் இன்னொரு நாள் வைத்து, அப்போதும் விட்டுப்போனால் லைனுக்கே போய் வாயில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை வாரம் தவறாமல் போகிறது. ஆனால் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வராத பிள்ளை யார் என்று எவரும் கேட்டதில்லை. வராமல் இருப்பது பெரும்பாலும் நாம் யாருக்காகக் கூட்டம் போட்டோமோ அந்தப் பிள்ளைதான்.

சரி, எதுதான் பலன் தருகிறது? இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். இரண்டும் லான்செட் மருத்துவ இதழில் வந்தவை.

முதலாவது ஐரோப்பாவில் நடந்தது, 2015-ல் வெளியானது. 10 நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள், பதினைந்து வயதை ஒட்டியவர்கள். பள்ளிகளைப் பிரித்து மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஒன்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் கேள்வித்தாள் கொடுத்து வடிகட்டி, மனநல நிபுணரிடம் அனுப்பினார்கள். மூன்றாவதில் பிள்ளைகளிடமே நேரடியாகப் போனார்கள். நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம். அதில் பெரும்பகுதி நடித்துப் பார்ப்பதும் பேசுவதும்: நண்பன் ஒருத்தன் திடீரென்று ஒதுங்கினால் என்ன செய்வாய், வீட்டில் சண்டை என்றால் யாரிடம் போவாய் என்கிற மாதிரி. ஒரு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, தற்கொலை முயற்சிகளும் அந்தத் தீவிர எண்ணமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது அந்த மூன்றாவது வழியில் மட்டும்தான். மற்ற இரண்டிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை.

இரண்டாவது நம் நாட்டிலேயே, பீகாரில் நாளந்தா மாவட்டத்தின் 70-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. 2018-ல் வெளியானது. சில பள்ளிகளில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து இந்த வேலையைக் கூடுதலாகச் செய்யச் சொன்னார்கள். சில பள்ளிகளில் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். மனோதத்துவப் பட்டம் பெற்றவர் ஒன்றும் இல்லை, சாதாரணமாகப் படித்த உள்ளூர் ஆள்தான், பயிற்சி மட்டும் கொடுத்திருந்தார்கள். செய்த வேலைகளும் சாதாரணமானவை. சுவர்ப் பத்திரிகை, பிள்ளைகள் எழுதிப் போட ஒரு பெட்டி, வகுப்பில் கலந்துரையாடல், தனியாகப் பேச வரும் பிள்ளைக்கு நேரம். அந்த ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரையொருவர் சீண்டுவதும் அடிப்பதும் குறைந்தன, பள்ளிச் சூழலே மாறியது. ஆசிரியர் கூடுதலாகச் செய்த பள்ளிகளில் ஒன்றும் மாறவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றுவது, கலைத் திருவிழா, தேர்தல் வேலை எல்லாம் முடித்து பாடமும் நடத்துகிறவரிடம், 'இதையும் சேர்த்துப் பாருங்கள்' என்றால் அவர்தான் என்ன செய்வார். அதோடு பிள்ளையின் பக்கமிருந்தும் பாருங்கள். கணக்கில் ஃபெயில் போட்ட அதே சாரிடம் போய், சார் எனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று எந்தப் பையன் சொல்வான்?

பெட்டி என்றதும் நம் 'மாணவர் மனசு' பெட்டி ஞாபகம் வருகிறது. நல்ல யோசனைதான். பாலியல் தொல்லை உட்பட எதையும் பிள்ளைகள் எழுதிப் போடட்டும் என்று வைத்தது. நான் பார்த்த ஒரு பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில், வருகைப் பதிவேடு மேசைக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. சீட்டு போடப் போகும் பிள்ளையை ஆபீஸ் மொத்தமும் பார்க்கும். எங்கள் ஊர் ஈரத்தில் பூட்டு துருப்பிடித்து, சாவி போட்டாலும் திறக்காத நிலைக்கு வந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். சாக்லேட் பேப்பர்தான் இருக்கும் என்றார்கள். இருக்கலாம். நாளந்தாவிலும் இதே மாதிரிப் பெட்டிதான். அங்கே அதைத் திறந்து படித்து, பெயர் சொல்லாமல் பதில் பேச ஒரு ஆள் இருந்தார். ஆகவே பெட்டியைக் கழிப்பறைப் பக்கமோ நூலகப் பக்கமோ மாற்றச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். செலவே இல்லை.

ஆள் எங்கிருந்து வருவார் என்று கேட்பீர்கள். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகள் குறித்த வழக்கொன்றில் 15 வழிகாட்டு நெறிகளைப் பிறப்பித்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும், அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும், ஊழியர்கள் எல்லாருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும், உதவி எண்களைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. சட்டம் ஒன்று வரும்வரை இதுதான் நாடு முழுக்கக் கட்டுப்படுத்தும். அதனால் நான் கேட்பது புதுச் சலுகை இல்லை, ஏற்கெனவே செய்தாக வேண்டியது.

நம் மலையில் நூறு பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகள் நிறைய. அந்தப் பள்ளிகளை விட்டுவிடாமல், ஒரே பஸ் ரூட்டில் இருக்கும் நான்கைந்து பள்ளிகளைச் சேர்த்து ஓர் ஆளைப் போடுங்கள். திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொன்று. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலைதோறும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்ன பெண்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல ஆண்டுகளாகப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து ஊர்களுக்கு அனுப்புகிறது. இவர்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, நல்ல பயிற்சியும் கௌரவமான சம்பளமும் கொடுத்து, மேலே ஒரு உளவியலாளர் மேற்பார்வை செய்தால் போதும். ஆயிரம் ரூபாய்க்கு இந்த வேலையைச் செய்யச் சொல்லாதீர்கள், அது மட்டும் வேண்டாம்.

உள்ளூர் ஆள் வேண்டும் என்று வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரே வகுப்பில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர் பிள்ளைகள் இருப்பார்கள், மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லைன்களில் தங்கிவிட்ட எங்களைப் போன்றவர்களின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். கோத்தகிரி, குந்தா பக்கம் போனால் ஹட்டியிலிருந்து வரும் படுகர் பிள்ளைகள். வீட்டில் நடப்பதைச் சொல்லும்போது பிள்ளை வீட்டு மொழிக்குத்தான் போகும். சென்னையில் அச்சடித்த கையேட்டை அப்படியே வாசிக்கிறவருக்கு அந்த இடத்தில் ஒன்றும் புரியாது.

போதைப் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் எந்த ரூபத்தில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். போஸ்டரில் ஊசியும் மண்டையோடும் போடுகிறோம். இங்கே அது உதட்டுக்கடியில் வைக்கும் சின்னப் புகையிலைப் பொட்டலமாகத்தான் முதலில் வருகிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மதிய உணவில் சாம்பார் வாங்காமல் வெறும் சோறு தின்கிறான் என்று சமையல் அக்கா வந்து சொன்னார். பையனைக் கூப்பிட்டு, கீழுதட்டை மடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கம் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கியிருந்தது. காரம் பட்டால் எரியாமல் என்ன செய்யும். மெதுவாகக் கேட்டதில் விஷயம் வந்தது. லீவு நாளில் தேயிலைக் கொழுந்து மூட்டை லாரியில் ஏற்றப் போன இடத்தில் பெரிய பையன்கள் கொடுத்திருக்கிறார்கள். "வச்சா பசி தெரியாது நர்ஸம்மா, குளிரும் தெரியாது." அவன் சொன்னதில் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது? பசி இருக்கிறது, குளிர் இருக்கிறது, பள்ளி வயதில் மூட்டை தூக்கும் வேலை இருக்கிறது. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கூல் லிப் என்கிற இந்த மாதிரிப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது செய்தியில் வந்தபோது, இந்தப் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த மாதிரிப் பொட்டலம் ஒரு பையனின் பையில் சிக்கினால் பல இடங்களில் என்ன நடக்கிறது? பெற்றோரை வரச் சொல்லி, எல்லார் முன்னாலும் திட்டி, "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்பார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ம் பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது, பிரச்சினை தொடங்கும் வயதும் அதுதான். டி.சி. வாங்கிய பையன் எங்கே போவான் என்று நினைக்கிறீர்கள்? அந்த லாரிக்குத்தான். பிள்ளையிடம் பொட்டலம் இருந்தால் அவனுக்கு உதவி, விற்றவருக்கு வழக்கு என்று உங்கள் அலுவலகம் எழுத்தில் ஒரு விதி போட வேண்டும். பிள்ளைக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ம் பிரிவில் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பள்ளிக்கு 100 கஜத்துக்குள் புகையிலை விற்றதற்கான 200 ரூபாய் அபராதத்தோடு முடித்துவிடுகிறார்கள். கடைக்காரருக்கு அது ஒரு நாள் டீச் செலவு.

குடி பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும். காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் 2022-ல் நம் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. காடும் யானையும் பிழைக்க நல்ல திட்டம், நானே பாராட்டியிருக்கிறேன். இப்போது சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் தேயிலைச் செடிக்கடியில் பாட்டில் தேடுவதைப் பார்க்கிறேன். யூனிபார்மோடு, புத்தகப் பைக்குள் பாட்டில். காலையில் உறுதிமொழி எடுத்த அதே பிள்ளைகள். சிறுவர்களிடம் பாட்டில் வாங்கக் கூடாது என்று ஆட்சியர் அலுவலகம் மூலம் கடைகளுக்குச் சொல்ல வையுங்கள்.

அடுத்தது சொல்லத் தயங்குகிற விஷயம். 2022-ம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையில் இறந்தார்கள். எல்லா வயதினரையும் சேர்த்தால் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மாநிலங்களில் இரண்டாவது இடம். இவ்வளவு இருந்தும், பள்ளியில் இதைப் பற்றிப் பேசலாம் என்றால் உடனே வரும் பதில், "பேசினா பசங்களுக்கு நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆயிடும் சிஸ்டர்." இந்தப் பயம் நல்ல மனதிலிருந்து வருவதுதான், ஆனால் ஆதாரம் இல்லாதது. ஒரு பிள்ளையிடம் தனியாக, அக்கறையோடு, 'சாகணும்னு தோணுதா' என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, பெரும்பாலும் மனப் பாரம் இறங்குகிறது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தீங்கு செய்வது வேறு: எப்படி நடந்தது என்று விவரிப்பது, போட்டோவைப் பகிர்வது, இன்ன காரணத்தால்தான் போனாள் என்று ஒற்றைக் காரணம் கட்டுவது, இறந்த பிள்ளையை வீரர் மாதிரியோ கோழை மாதிரியோ பேசுவது. இதையெல்லாம் நாம் தாராளமாகச் செய்துவிட்டு, கேட்பதற்கு மட்டும் பயப்படுகிறோம்.

ஒரு பள்ளியில் அப்படி ஓர் இழப்பு நேர்ந்தபோது இரண்டு நிமிட மௌன அஞ்சலியோடு சரி, மூன்றாம் பீரியடில் சமூக அறிவியல் நடந்தது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழியிடம் ஒரு வாரம் யாரும் பேசவில்லை. அவள் என்னிடம் தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள், மறுபடி மறுபடி வந்தாள். இழப்புக்குப் பிறகான முதல் நாள் என்ன செய்வது, முதல் வாரம் என்ன செய்வது, யார் யாரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லாத் தலைமையாசிரியர் மேசையிலும் இருக்க வேண்டும். நெருப்பு பிடித்தால் என்ன செய்வது என்று எழுதி ஒட்டுகிறோமே.

தேர்வு முடிவு நாளையும் இதில் சேருங்கள். ஃபெயில் ஆனவர்கள் அடுத்த மாதமே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் மேலே படிக்கலாம் என்று நம் மாநிலம் கொண்டுவந்ததும், 2017-ல் முதல் மூன்று இடம் அறிவிப்பதை நிறுத்தியதும் உயிர்களைக் காத்த முடிவுகள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் துணைத்தேர்வு இருக்கிறது என்பது அந்தக் காலை வேளையில் லைன் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஞாபகம் வராது. அம்மா கொழுந்து எடுக்கப் போயிருப்பாள். எந்தப் பிள்ளை தேறவில்லை என்ற பட்டியல் தலைமையாசிரியருக்கு முதலிலேயே கிடைக்கிறது. அன்று மதியத்துக்குள் அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போக வேண்டும், எடுக்காத வீட்டுக்கு ஆள் போக வேண்டும். முந்தைய வாரம் பெற்றோரைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொல்லிவிடலாம். அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து எதுவானாலும் வீட்டுக்குள் வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் பூட்டி வையுங்கள். ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருப்பது, அந்தச் சில மணி நேரத்தைக் கடத்திவிடுவது, இவைதான் உலகமெங்கும் அதிக உயிர்களைக் காத்த வழி என்று படித்திருக்கிறேன்.

உதவி எண்கள் இருக்கின்றன. 14416 இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசும் மனநல உதவி எண், குழந்தைகளுக்கு 1098, சுகாதார உதவிக்கு 104. எண்ணைச் சுவரில் எழுதுகிறோம், சரி. எங்கள் பிள்ளைகளிடம் போன் ஏது? வீட்டில் இருக்கும் ஒரு போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும், அந்த அப்பாதான் சில சமயம் பிரச்சினை. சேரம்பாடி தாண்டி உள்ளே போனால் சிக்னலுக்காக மேடு ஏற வேண்டும். பள்ளியில் ஒரு போனை, கதவு சாத்திப் பேசக்கூடிய ஓர் அறையில் வைத்து, யாருக்குப் பேசினாய் என்று கேட்காத ஒரு ஏற்பாடு செய்தால்தான் அந்த எண்ணால் பிரயோஜனம்.

அப்புறம், பேசிய பிள்ளைக்கு மேற்கொண்டு டாக்டர் தேவைப்பட்டால்? ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு பெரிய மருத்துவமனை திறந்தார்கள். சந்தோஷம். பந்தலூரிலிருந்து அது எழுபது கிலோமீட்டருக்கு மேல், மலைப் பாதை. அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் சார்ஜ் இரண்டு பேருக்கு ஆகும், திரும்ப இருட்டிவிடும். ஒரு தடவை போவார்கள், இரண்டாம் தடவை போக மாட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த மருத்துவமனைக்கு வருவார் என்ற பட்டியலை அவர்களிடம் வாங்கி ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்புங்கள். பந்தலூரிலும் நிலையான ஒரு நாள் வேண்டும் என்று நீங்களும் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். கல்வித்துறை கேட்டால் அதற்கு ஒரு கனம் இருக்கும்.

இன்னொரு ஓட்டை, இதை உள்ளே இருந்தவர்கள்தான் கவனிப்பார்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருகின்றன, ஆதிதிராவிடர் நல விடுதிகள் இன்னொரு துறை. உங்கள் சுற்றறிக்கை அங்கே போய்ச் சேருமா, பயிற்சிக்கு விடுதிக் காப்பாளரை அழைப்பார்களா என்பது யார் பொறுப்பு என்றே தெரியாமல் நழுவிவிடும். வீட்டை விட்டுத் தனியாக, இரவில் வார்டன் ஒருவரை நம்பி இருக்கும் பிள்ளைகள் அவர்கள். மாவட்ட ஆட்சியரிடம் சொல்லி மூன்று துறைக்கும் ஒரே உத்தரவாகப் போடச் செய்யுங்கள்.

எல்லா வட்டத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பந்தலூர், கூடலூரில் சில பள்ளிகளில் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். ஜூலையில் வைக்காதீர்கள், மழை விடுமுறையில் பாதி நாள் போய்விடும். காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் தொடங்கினால் அரையாண்டுக்குள் ஒரு சுற்று முடியும். வராத பிள்ளைக்கு மாத்திரைக்குச் செய்வதுபோல இன்னொரு நாள் வையுங்கள், தொடர்ந்து வராதவனைத் தேடி லைனுக்கு ஆள் அனுப்புங்கள். வழி காட்ட நான் வருகிறேன்.

அதற்கு முன் எங்கள் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பி வைத்தால் தாய்மார்கள் நேரில் பேசுவார்கள். கொழுந்து எடை போட்டு முடித்து அவர்கள் வருவதற்கு நாலு மணி ஆகும். யானை நடமாட்டம் இருப்பதால் ஐந்தரைக்குள் முடித்து எல்லாரும் வீடு சேர வேண்டும். அந்த நேரத்தை மட்டும் கவனித்துத் தேதி குறியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பந்தலூர் வட்டம்.